கிழக்குக் கூடையில் பதினோரு நொடி

காஞ்சி வட்டாரத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்குக்குப் பத்தாவது வயது நெருங்கியபோதுதான், அதற்கு ஒரு வரலாறு இல்லை என்பது செயலாளர் கலியாணசுந்தரத்துக்கு உறைத்தது. 1973 தை மாதம் ஆண்டு விழா மலர் போடுவதாக முடிவாகியிருந்தது. மலரில் பட்டுக்கடை விளம்பரம் இருபத்தெட்டுப் பக்கம் சேர்ந்துவிட்டது. நடுவில் வைக்க ஏதாவது வேண்டும்.

அப்போது நான் கல்லூரியில் கையெழுத்துப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தேன். கேன்டீன் வடைக்கு நான் எழுதிய இரங்கலுரை ஊருக்குள் கொஞ்சம் பேசப்பட்டது. செயலாளர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நீதான் மாணிக்கவாசகமா? பொய் நல்லா எழுதறியாமே."

"சுமாரா எழுதுவேங்க."

"அப்போ நம்ம லீக்குக்கு ஒரு வரலாறு எழுதிக் குடுபா. ப்ளே-ஆப் மட்டும் போதும். மத்த மேட்செல்லாம் எவன் படிப்பான்?"

அரையிறுதியையும் இறுதியையும் 'ப்ளே-ஆப்' என்று சொல்ல வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. ஏதோ அமெரிக்கப் பத்திரிகையில் பொட்டலம் கட்டி வந்த மிக்சரைத் தின்றுகொண்டே அவர் அந்தச் சொல்லைக் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். தொழில்முறை என்பதற்கும் அர்த்தம் உண்டு. ஆட்டக்காரர்களுக்கு மாதச் சம்பளமும் வாரம் ஆறு முட்டையும். வாலாஜாபாத் ரைஸ்மில் அணி மட்டும் முட்டைக்குப் பதில் வாழைப்பழம் கொடுத்தது. மில் முதலாளி சுமதிநாதன் ஜைனர், லீக்கின் தலைவரும் அவரே. பொழுது சாய்ந்தபின் அவர் சாப்பிட மாட்டார் என்பதால் எந்த ஆண்டு இறுதி ஆட்டமும் சூரியன் மறையும் முன்பே முடிந்தாக வேண்டும், பரிசு விருந்து உட்பட. எனக்குத் தெரிந்து உலகத்தில் சூரியனைப் பார்த்து ஆடப்படும் கூடைப்பந்து இது ஒன்றுதான்.

ஒன்பது ஸ்கோர் நோட்டுகளையும் ஸ்கோரர் காசிநாதன் ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். பேச்சு குறைவு. பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, "படி," என்றார். "படிச்சிட்டு என்னாண்ட ஒண்ணும் கேக்காதே."

முதல் இரண்டு நாள் நான் சிரித்துக்கொண்டே குறிப்பெடுத்தேன். 1966 அரையிறுதி, தாமலில். ஏரி நிரம்பி மைதானத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். பந்தைத் தட்டி ஓட முடியாததால் நடுவர் அந்த விதியை ஒரு நாளைக்கு ரத்து செய்தார். 1968 அரையிறுதியில் திருமுக்கூடல் அணியின் ஒரே பந்து ஆற்றில் விழுந்தது. மூன்று ஆறு சேரும் இடம். எந்த ஆறு கொண்டுபோனது என்று முடிவாகாமல் ஆட்டம் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. இப்படி ஒரு லீக்குக்கு நான் பொய் சேர்க்க வேண்டிய தேவையே இல்லை என்று தோன்றியது.

மூன்றாம் நாள் இறுதி ஆட்டங்களுக்கு வந்தேன்.

1965: 38–38. பதினோரு நொடி மீதி. கிழக்குக் கூடையில் ஒரு ஃப்ரீ த்ரோ. தவறு. கூடுதல் நேரம்.

1966: 38–38. பதினோரு நொடி. கிழக்குக் கூடை. ஃப்ரீ த்ரோ. தவறு.

1967ஐப் புரட்டும்போது என் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தேன். 1972 வரை புரட்டி முடித்தபோது அது ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. எட்டு இறுதி ஆட்டம், எட்டு வேறு வேறு ஆட்டக்காரர்கள், எட்டிலும் ஒரே எண், ஒரே நொடி. ஊரில் யாருக்கும் இது தெரியாது. ஒரு வருடத்து ஸ்கோரை அடுத்த வருடம் நினைவு வைத்துக்கொள்பவர் இல்லை. வரலாறு எழுதாமல் இருப்பதில் இவ்வளவு நிம்மதி இருக்கிறது.

1964 நோட்டு அடியில் கிடந்தது. முதல் இறுதி ஆட்டம். அதிலும் 38–38, பதினோரு நொடி, கிழக்குக் கூடை. பிள்ளையார்பாளையம் அணி, பஞ்சாட்சரம், ஃப்ரீ த்ரோ. ஸ்கோரர்கள் ஃப்ரீ த்ரோவுக்கு ஒரு சின்ன வட்டம் போடுவார்கள். பந்து உள்ளே போனால் வட்டத்தை நிரப்ப வேண்டும். போகாவிட்டால் குறுக்கே கோடு. பஞ்சாட்சரத்தின் வட்டம் நிரப்பப்படவில்லை. கோடும் இல்லை. வெறும் வட்டம், பிறகு மீதிப் பக்கம் முழுக்கக் காலி.

காசிநாதனிடம் ஒன்றும் கேட்கக் கூடாது என்பதால் நோட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தேன். பத்து நிமிடம் பொறுத்தார்.

"பந்த எறிஞ்சாரு. கை மேலயே நிக்குது, ஆளு சாஞ்சிட்டாரு. மாரடைப்பு. எல்லாரும் ஆளத்தான் பாத்தோம். பந்த ஒருத்தரும் பாக்கல."

"உள்ள போச்சா இல்லையான்னு…"

"தெரியாது. அதான் வட்டம் அப்படியே இருக்குது. கப்ப ரெண்டு டீமுக்கும் பொதுவா குடுத்துட்டாங்கோ."

"அதுக்கப்புறம் வருஷா வருஷம் ஒரே மாதிரி வருதே, நீங்க யாராண்டயும் சொல்லலியா?"

"நான் எழுதறவன்பா. ஆடறவன் இல்ல."

இதை மலரில் எப்படிக் கேலியாக எழுதுவது என்றுதான் முதலில் யோசித்தேன். அந்த யோசனை வாலாஜாபாத் போய்வரும் வரைதான் நீடித்தது.

1969இல் அந்த ஃப்ரீ த்ரோவை எறிந்தவன் அஜிதநாதன், தலைவரின் மகன். மில்லில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். கேட்டதும் வலது கையை நெல்லுக்குள் மணிக்கட்டு வரை விட்டான்.

"இதுல கல்லு இருக்குதா, நெல்லு இருக்குதா, எனக்குத் தெரியாது. கண்ணால பாத்தாத்தான் தெரியும். அன்னிக்கிலருந்து விரலு மரத்துப்போச்சி. வேலூர் வரைக்கும் காட்டியாச்சி."

"அன்னிக்கு இன்னா ஆச்சி?"

"பந்து என் கையில இருந்துச்சி. என் கை மேல இன்னொரு கை இருந்துச்சி. சாம்பல் அப்பின கை." நெல்லிலிருந்து கையை எடுத்துப் பார்த்தான். "எறிஞ்சது அந்தக் கைதான். நான் சும்மா கூட நின்னேன்."

மற்ற ஏழு பேரில் ஆறு பேர் நெசவுக்காரர்கள். ஆறு பேரும் இப்போது நெய்வதில்லை. ஒருவர் டீக்கடை, ஒருவர் சைக்கிள் கடை, ஒருவர் பஸ் கிளீனர். பட்டு இழையைக் கண்ணால் பார்த்து நெய்ய முடியாது. அறுந்தால் விரலுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். விரல் போனால் தறி போயிற்று.

1973 இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தவை வாலாஜாபாத் ரைஸ்மில், பிள்ளையார்பாளையம். பிள்ளையார்பாளையத்தில் ஃப்ரீ த்ரோ எல்லாம் எறிபவன் திருஞானசம்பந்தம். என் பெரியப்பா மகன். உடலையும் கரையையும் தனித்தனியாக நெய்து கோக்கிற கோர்வைச் சேலை நெய்ய, ஊரில் அவன் வயதில் தெரிந்தவர்கள் நாலு பேர். அவன் அதில் ஒருவன். மாதக் கடைசியில் கல்யாணம். பெண்ணுக்கு முகூர்த்தச் சேலை தன் கையால்தான் என்று சொல்லித் திரிந்தான்.

"நீ ஆடாதே," என்றேன்.

"ஏன், வடைக்கு எழுதின மாதிரி எனக்கும் எழுதப்போறியா?"

நோட்டுகளைக் காட்டினேன். அஜிதநாதனின் கையைப் பற்றிச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. சிரிக்காத சம்பந்தத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ஆடாம எப்படிபா இருக்கறது? டீம் வச்சிருக்கிற முதலாளிதான் தறிக்குப் பாவும் குடுக்கறாரு. மேட்சுக்கு வரலன்னா தறியும் காலி. எப்படிப் போனாலும் தறிதான் போவுது."

"அந்த ஃப்ரீ த்ரோவ வேற யாராவது எறியட்டும்."

"யாரு எறிஞ்சாலும் ஒருத்தன் கைதானே? எவன் கையக் காட்டட்டும், நீ சொல்லு."

நோட்டுகளை மறுபடி கட்டி எடுத்துக்கொண்டேன்.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் காலை அவன் வீட்டுக்குப் போனேன். தறிக்கு முன்னால் ஏலவார்குழலி அக்கா உட்கார்ந்து பாவு பிணைத்துக்கொண்டிருந்தார். முகூர்த்தச் சேலைக்கான பாவு, தறியில் நீளவாட்டில் ஓடும் இழைகள். முடிந்த சேலையைத் தறியிலிருந்து அறுக்கும்போது பழைய பாவின் நுனிகளை விட்டுவைப்பார்கள். அந்த நுனிகளோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்க்க வேண்டும், நாலாயிரம் ஐயாயிரம் இழை. விரல் வழுக்காமலிருக்கப் பக்கத்தில் ஒரு டப்பாவில் சாம்பல். ஊரில் அக்காவைப் போல் வேகமாகப் பிணைப்பவர் கிடையாது. பஞ்சாட்சரத்தின் மனைவி.

நான் சாம்பல் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா மாணிக்கம், சாம்பலப் பாத்ததே இல்லியா?"

"அண்ணன் ஃப்ரீ த்ரோ போடறதுக்கு முன்ன சாம்பல் தொட்டுக்குவாராக்கா?"

விரல்கள் நிற்கவில்லை. "வேர்க்கும். பந்து வழுக்கும்பாரு. என் டப்பாவத்தான் தூக்கிக்கினு போவாரு."

கிழக்குக் கூடையின் வலையைப் பற்றிக் கேட்டேன். முதல் ஆண்டு மெட்ராஸிலிருந்து வாங்கின நூல் வலைகளில் ஒன்றை ஆடு தின்றுவிட்டது. மிச்சமான பாவு இழையில் அக்காதான் ஒரு பட்டு வலை பின்னிக் கிழக்குக் கூடையில் கட்டினார். ஒவ்வோர் ஆண்டும் வலை நைந்ததும் அடியில் அறுத்துவிட்டு, வளையத்தில் விட்டுவைத்த நுனிகளோடு புது வலையைப் பிணைப்பார்.

"பழைய நுனியோடயா?"

"தறியில எப்படியோ அப்படித்தான். மொத்தமா அறுத்துட்டுப் புதுசாக் கட்ட இது இன்னா கோணிப்பையா?"

தறிக்குப் பக்கத்தில் நின்றிருந்த சம்பந்தம் மெதுவாகச் சொன்னான். "அக்கா. தறியில ஆளு பாதிச் சேலையோட போய்ட்டா, அதே பாவுல பிணைக்க மாட்டாங்களே."

அது எங்கள் வீடுகளில் குழந்தைக்கும் தெரிந்த முறை. நெய்துகொண்டிருந்தவர் பாதியில் இறந்துபோனால், அந்த வீட்டு ஆள் ஒருவர் உட்கார்ந்து மிச்சத்தை நெய்து முடித்து, துணியை இறக்க வேண்டும். நாலு விரற்கடையாவது நெய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் புதுப் பாவு. முடிக்காத பாவில் பிணைத்தால், அடுத்து உட்காருபவன் நெய்வது செத்தவருடைய சேலை. தறியில் இதை யாரும் மீற மாட்டார்கள். பந்தடிக்கிற இடத்துக்கும் இது பொருந்தும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அக்காவுக்குத் தோன்றியிருந்தது.

"அவரு போன மறு வருசம் தெரியாமத்தான் பிணைச்சேன்," என்றார். "கூடைக்கு அடியில உக்காந்து மேட்ச் பாத்துக்கினு இருந்தேன். முடியற நேரத்துல வலை அசைஞ்சிது. சாம்பல் வாசம் வந்துச்சி. என் டப்பா வீட்டுல இருக்குது. அப்புறம் தெரிஞ்சேதான் பிணைச்சேன்." ஒரு இழையை முறுக்கினார். "வருசத்துக்கு ஒரு தரம். பதினோரு நொடி. ஊருல எல்லாரும் புருசனோட வருசம் பூரா இருக்கறாங்கோ."

எட்டுப் பேரின் விரல்களைப் பற்றி அவருக்குத் தெரியாது. நான்தான் சொன்னேன். பெயர் பெயராகச் சொன்னேன். ஐந்தாவது பெயரில் அவர் கை நின்றது. பிணைக்கும்போது அவர் கை நின்று நான் பார்த்ததில்லை. பிறகு தறியைப் பார்த்தார், சம்பந்தத்தின் கையைப் பார்த்தார்.

மறுபடி சாம்பல் தொட்டு வேலையைத் தொடர்ந்தார். முப்பது இழையாவது முடிந்திருக்கும்.

"நாளைக்கி அந்த அறுபத்துநாலு நோட்ட எடுத்தாரச் சொல்லு காசிநாதன. நீ மேசையாண்ட உக்காரு. எது நடந்தாலும் நீ பந்தப் பாரு. ஆளப் பாக்காதே."

"ஏங்க்கா?"

"அன்னிக்கி ஒருத்தனாவது பாத்திருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது."

மறுநாள் மூன்றரைக்கு ஆட்டம் தொடங்கியது. எண்ணூறு பேர் இருப்பார்கள். நான் மேசையில் காசிநாதன் பக்கத்தில். ஆட்டம் எப்படி நடந்தது என்று நான் ஒழுங்காக எழுத வேண்டும், வரலாற்றாசிரியன். எனக்கு ஞாபகம் இருப்பது கரும்பலகையில் எண்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போனதுதான். முப்பதுக்கு மேல் போகும்வரை நான் நம்பிக்கையோடு இருந்தேன். முப்பத்தாறில் நம்பிக்கையை விட்டேன். கிழக்குக் கூடைக்கு அடியில் சம்பந்தம் எழும்பியபோது யாரோ அவன் தோளில் இடித்தான். விசில். காசிநாதன் கடிகாரத்தை நிறுத்தி என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

பதினொன்று. பலகையில் 38–38.

கூட்டத்தின் சத்தம் தானாக இறங்கியது. ஏன் அடங்குகிறோம் என்று கூட்டத்துக்கே தெரியாது. மேற்குக் கூடையின் நூல் வலை அசையாமல் தொங்கியது. கிழக்குக் கூடையின் வலை அசைந்தது. காற்று இல்லை.

சம்பந்தம் கோட்டுக்குப் போனான். பந்தை வாங்கினான். அவன் வலது தோள், யாரோ கைபோட்ட மாதிரி, கொஞ்சம் இறங்கியதைப் பார்த்தேன்.

கூடைக்கு அடியிலிருந்து ஏலவார்குழலி அக்கா எழுந்து வந்தார். கையில் சாம்பல் டப்பா. அவசரம் இல்லாமல், அடுத்த வீட்டுத் தறிக்குப் போகிற மாதிரி நடந்து வந்து அவன் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டார்.

"தள்ளி நில்லுபா."

மெட்ராஸிலிருந்து வந்திருந்த நடுவர் விசில் ஊதினார். "அம்மா, ஆள் மாத்தணும்னா மேசையில சொல்லணும்."

காசிநாதன் எழுந்தார். ஒன்பது வருடம் எழுதிக்கொண்டு மட்டுமே இருந்த மனிதர். 1964 நோட்டைத் திறந்து நடுவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். "சார், இது வேற மேட்ச். இன்னும் முடியல. இது அந்த வீட்டு ஆளு."

நடுவர் வட்டத்தைப் பார்த்தார். விதிப் புத்தகத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்று யோசிக்கும் முகம். கடைசியில் தலைவர் சுமதிநாதனைப் பார்த்தார். தலைவர் சூரியனைப் பார்த்தார்.

"சீக்கிரம் ஆவட்டும்," என்றார் தலைவர்.

அக்கா டப்பாவில் விரல் தொட்டார். என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "மாணிக்கம்," என்றார். "பந்த."

பந்தைப் பார்த்தேன்.

வாழ்க்கையில் ஒரு முறைகூடப் பந்தைத் தொடாத பெண் எறிந்தால் பந்து எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். இது அப்படிப் போகவில்லை. விரல் நுனியிலிருந்து உருண்டு, பின்பக்கமாகச் சுழன்றுகொண்டு, உயரமாக எழுந்தது. அந்த நேரத்தில் மைதானம் முழுவதும் ஒரே மூச்சை உள்ளே இழுத்தது. எண்ணூறு பேரின் மூச்சு. எங்கோ ஒரு டம்ளர் விழுந்தது. ஒரு குழந்தை அழத் தொடங்கி உடனே நிறுத்தியது. என் பக்கத்தில் காசிநாதன், "அய்யோ பஞ்சாட்சரம்," என்றார், தெருவில் ஒருவரைப் பார்த்தால் சொல்கிற குரலில். என் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

பந்து வளையத்தில் பட்டது. ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னும் அரைச் சுற்று. வலைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வெளியே விழுந்தது.

நான் திரும்பியபோது கோட்டில் அக்கா மட்டும்தான் இருந்தார். வலது கை இன்னும் மேலே. கோட்டின் நடுவில் நிற்காமல், இன்னொருவருக்கு இடம் விட்ட மாதிரி, கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நின்றிருந்தார்.

"உள்ள போச்சா?" என்றார்.

எல்லோரும் கோட்டைத்தான் பார்த்திருந்தார்கள், இந்த முறையும். பிறகு எண்ணூறு பேரும் என்னைப் பார்த்தார்கள். நோட்டு என் முன்னால் திறந்திருந்தது. பேனாவால் அந்த வட்டத்தை நிரப்ப ஒரு நொடி போதும். அக்காவுக்கு அது பிடிக்கும், ஊருக்குப் பிடிக்கும், மலருக்கு அதைவிட நல்ல முடிவு கிடைக்காது. இதைவிடப் பெரிய வட்டங்களை எல்லாம் நான் கூசாமல் நிரப்பியிருக்கிறேன்.

சம்பந்தம் வலது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தான். பொய்யை மிச்சம் வைத்து முடித்தால் அது முடித்ததாகாது.

"இல்லக்கா. ரிங்கச் சுத்திட்டு வெளிய விழுந்துடுச்சி."

அக்கா கையை இறக்கினார். வளையத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவர் முகத்தில் வந்தது சிரிப்புதான்.

"பத்துக்கு நாலுதான் போடுவாரு. வெளிய சொல்லாதேன்னுவாரு."

வட்டத்தின் குறுக்கே கோடு போட்டேன். அக்கா ஸ்டூல் கேட்டார். ஏறி நின்று பட்டு வலையின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். ஒரு நுனியும் மிச்சம் விடவில்லை. நெய்து முடித்த துணியை மடிப்பது போல மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

பிறகு சம்பந்தம் தன்னுடைய ஃப்ரீ த்ரோவை வலையில்லாத வளையத்தில் எறிந்தான். அதுவும் போகவில்லை. அதற்கு அவனைத் தவிர யாரும் காரணமில்லை. கூடுதல் நேரத்தில் பிள்ளையார்பாளையம் நாலு புள்ளியில் தோற்றது. தலைவர் வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டார்.

விருந்துப் பந்தலுக்குப் பின்னால் சம்பந்தத்தைக் கண்ணை மூடச் சொன்னேன். ஸ்டூலுக்கு அடியில் உதிர்ந்து கிடந்த இழைகளில் இரண்டை எடுத்து அவன் வலது விரல்களுக்கு நடுவில் வைத்தேன்.

"எத்தினி?"

"ரெண்டு." இன்னும் ஒரு தரம் தேய்த்துப் பார்த்தான். "ஒண்ணு பழசு."

முகூர்த்தச் சேலை நெய்து முடிந்தது. கல்யாணமும் முடிந்தது. 1974 இறுதி ஆட்டம் 51–44. யாரும் வியக்கவில்லை.

அன்று கோட்டில் எதைப் பார்த்தீர்கள் என்று நான் கேட்காத ஆள் இல்லை. செயலாளர் கலியாணசுந்தரம் பேச்சை விளம்பரப் பக்கத்துக்கு மாற்றினார். நடுவருக்குக் கார்டு போட்டேன். ஃபவுல் கொடுத்தது சரிதான் என்று பதில் வந்தது. காசிநாதன் தகரப் பெட்டியைப் பூட்டிவிட்டார். எண்ணூறு பேர் பார்த்த ஒன்றைப் பார்க்காதவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான், வரலாறு எழுதுகிறவனும் நான் ஒருவன்தான்.

கடைசியாகச் சம்பந்தத்திடம் போனேன். தறியில் இருந்தான். அவன்தான் எல்லோரையும்விடப் பக்கத்தில் நின்றவன்.

"நீ பந்தத்தானே பாத்தே?" என்றான். "அத எழுது."

"கொஞ்சமாவது சொல்லுபா. எப்படி இருந்தாரு? சிரிச்சாரா? அக்காவப் பாத்தாரா?"

அறுந்த இழை ஒன்றை விரலால் தேடிப் பிடித்து முறுக்கினான். நிமிரவில்லை.

"உன்னாண்ட சொன்னா அழகா எழுதிடுவே," என்றான். "வேணாம்."